ஐ.நா. படிப்பு: சங்கரன்கோவிலுக்கு எவ்வளவு தூரம்?

2017 செப்டம்பரில் ஜெனீவாவில் நடந்த ஐ.நா. மனித உரிமைகள் கவுன்சில் கூட்டத்தொடரில் ஈழத்தமிழர்களுக்காகப் பேசினார் வைகோ. சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் இருக்கும் கலிங்கப்பட்டிக்காரர். மேடையில் மணிக்கணக்கில் பேசக்கூடிய அவருக்கு அந்த மன்றத்தில் ஒரு முறைக்குக் கிடைத்தது ஓரிரு நிமிடம்தான். அதையும் தன் கட்சியின் பெயரால் பேச முடியாது. ஐ.நா.வின் பொருளாதார சமூக கவுன்சிலிடம் ஆலோசனைத் தகுதி பெற்ற ஏதாவது ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்துதான் பேச வேண்டும்.

ஏன் அப்படி? ஐ.நா. சாசனத்தின் 71-வது பிரிவு, அரசு சாராத அமைப்புகளோடு கலந்தாலோசிக்கலாம் என்கிறது. அந்த அமைப்புகளை யார் தேர்ந்தெடுப்பது, எந்தத் தகுதியை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்பதை 1996-ல் அந்தப் பொருளாதார சமூக கவுன்சில் நிறைவேற்றிய தீர்மானம் விரித்துச் சொல்கிறது. மனித உரிமைகள் கவுன்சில் 2006-ல் உருவானது. 47 நாடுகள் உறுப்பினர்கள். பாதுகாப்பு கவுன்சிலில் இருப்பதுபோல அங்கே வீட்டோ கிடையாது. தீர்மானம் நிறைவேறினாலும், அதை ஏற்று நட என்று ஒரு நாட்டைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் கவுன்சிலுக்கு இல்லை. ஆனால் விசாரணைக்குழு அமைக்கலாம், ஆதாரம் திரட்டச் சொல்லலாம், ஆண்டுதோறும் அந்த நாட்டைப் பதில் சொல்ல வைக்கலாம்.

இதெல்லாம் தமிழ்நாட்டுக்குச் சம்பந்தமில்லாத சங்கதிகள் என்று யாரும் சொல்ல முடியாது. 2012 மார்ச்சில் இலங்கை மீதான தீர்மானம் 24-க்கு 15 என்று நிறைவேறியபோது இந்தியா ஆதரித்து வாக்களித்தது. 2013-ல் மீண்டும் தீர்மானம் வந்தபோது, அது வலுவாக இருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்தார்கள், தெருவில் இறங்கினார்கள். அந்த மார்ச் மாதத்தில்தான் மத்திய அரசிலிருந்து தி.மு.க. விலகியது. 2014-ல் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. ‘ஜெனீவா தீர்மானம்’ என்ற சொல் டீக்கடை பெஞ்சு வரைக்கும் வந்து உட்கார்ந்த காலம் அது.

அவ்வளவு கொந்தளித்த மாநிலத்தில், அந்தத் தீர்மானத்தின் முதல் வரைவை யார் எழுதுகிறார்கள், ‘கண்டிக்கிறது’ என்று இருந்த இடத்தில் ‘கவலை தெரிவிக்கிறது’ என்று எந்த அறையில் மாற்றுகிறார்கள், வாக்கெடுப்புக்கு முன் எந்த நாட்டிடம் யார் போய்ப் பேசுகிறார்கள் என்று முறையாகப் படித்த பிள்ளைகள் எத்தனை பேர்? அந்தப் போராட்டத்தில் பசியோடு உட்கார்ந்திருந்த மாணவர்களின் உணர்வு தூய்மையானது. அந்த உணர்வுக்குக் கைகொடுக்க ஒரு படிப்பு உலகத்தில் இருக்கிறது. சர்வதேச அமைப்புகள், உலக ஆளுகை என்று முதுகலையிலும் முனைவர் பட்டத்திலும் பல பத்தாண்டுகளாகக் கற்பிக்கப்படும் படிப்பு. அது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் காதுக்கு வந்து சேரவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

ஒரு பெட்ஷீட் வழக்கு

அரசியலை விடுவோம். தொழிலைப் பார்ப்போம். கோமதி அம்மனுக்கும் ஆடித்தபசுக்கும் பேர்போன சங்கரன்கோவில், விசைத்தறிக்கும் பேர்போன ஊர். தறி ஓடும் தெருவில் நின்றால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. கோன் நூல் விலை ஏறினால் மாஸ்டர் வீவர் கையைப் பிசைவார், கூலி உயர்வுப் பேச்சுவார்த்தை இழுபடும், கடைசியில் தறி ஓட்டுபவர் வீட்டில்தான் அது வந்து விடியும். நூல் விலைக்குப் பின்னால் பஞ்சு விலை. பஞ்சு விலைக்குப் பின்னால் இறக்குமதி வரி. 2021-ல் பருத்திக்கு 11 சதவீத வரி வந்தது, 2022-ல் சில மாதம் நீங்கியது, திரும்ப வந்தது, 2025 ஆகஸ்டில் மறுபடி விலக்கு. அந்த வரிக்கும் பின்னால் இருப்பது உலக நாடுகள் ஒன்றோடொன்று செய்துகொண்ட வணிக உடன்பாடுகள்.

1974 முதல் 2004 முடிய, எந்த நாடு எந்த நாட்டுக்கு எவ்வளவு துணி அனுப்பலாம் என்பதைச் சர்வதேச ஒப்பந்தப்படியான கோட்டாக்கள் தீர்மானித்தன. 2005 ஜனவரி 1-ம் தேதி அவை முடிவுக்கு வந்தன. திருப்பூரின் வளர்ச்சியும் வங்கதேசத்தின் வளர்ச்சியும் அந்தத் தேதியைத் தெரியாமல் புரியாது.

இந்தப் படிப்பு என்ன செய்யும் என்று கேட்பவருக்கு நான் எடுத்துக்காட்டாகச் சொல்ல விரும்புவது ஒரு பெட்ஷீட் வழக்கை. 1997-ல் ஐரோப்பிய சமூகம் இந்தியப் பருத்தி பெட்ஷீட்கள் மீது ஆன்டி-டம்பிங் வரி போட்டது. ‘உங்கள் ஊரில் விற்பதைவிடக் குறைந்த விலைக்கு எங்கள் சந்தையில் கொண்டுவந்து கொட்டுகிறீர்கள்’ என்பது குற்றச்சாட்டு. இந்தியா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. வழக்கின் உயிர்நாடி, அவர்கள் கணக்குப் போட்ட விதத்தில் இருந்தது.

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆலையில் இரண்டு ரகம் பெட்ஷீட். இரண்டுக்குமே உள்ளூர் விலை 500 ரூபாய். முதல் ரகத்தை வெளிநாட்டுக்கு 450-க்குக் கொடுக்கிறார், 50 ரூபாய் குறைவு. இரண்டாவது ரகத்தை 550-க்குக் கொடுக்கிறார், 50 ரூபாய் அதிகம். இரண்டையும் சேர்த்தால் கணக்கு சரியாகிவிடுகிறது, கொட்டிக் குவித்தார் என்று சொல்ல வழியில்லை. ஐரோப்பிய அதிகாரிகள் என்ன செய்தார்கள் என்றால், அதிக விலைக்கு விற்ற ரகத்தின் கணக்கைப் பூஜ்யம் என்று எழுதிக்கொண்டார்கள். குறைந்த விலைக்கு விற்றது மட்டும் மிஞ்சியது. அதன் மேல் வரி. ‘ஜீரோயிங்’ என்று இதற்குப் பெயர். 2001 மார்ச் 1-ம் தேதி உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றம் இந்தக் கணக்கு விதிக்கு விரோதமானது என்று தீர்ப்புச் சொன்னது. ஆன்டி-டம்பிங் உடன்படிக்கையின் ஒரு உட்பிரிவில் இருந்த ‘எல்லா’ என்ற ஒரு சொல் இந்தியாவுக்குக் கைகொடுத்தது: ஒப்பிடத்தக்க எல்லா விற்பனையையும் கணக்கில் எடு என்கிறது விதி, சிலவற்றை மட்டும் எடுக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது என்பது வாதம்.

அந்தத் தீர்ப்பு பெட்ஷீட்டோடு நிற்கவில்லை. அமெரிக்காவும் இதே ஜீரோயிங் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தது. கனடா, ஜப்பான், ஐரோப்பா என்று பல தரப்பும் அமெரிக்காவுக்கு எதிராக அதே வாதத்தோடு போய் ஜெயித்தார்கள். அமெரிக்காவுக்குக் கோபம். மேல்முறையீட்டு மன்றம் வரம்பு மீறுகிறது என்று அது அடுக்கிய குறைகளில் ஜீரோயிங் தீர்ப்புகளும் முக்கியமானவை. புதிய உறுப்பினர்களை நியமிக்க விடாமல் அது தொடர்ந்து தடுத்தது. 2019 டிசம்பரில் வழக்குக் கேட்கப் போதிய ஆள் இல்லாமல் மன்றம் முடங்கியது. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா 50 சதவீதம் வரி விதித்து, திருப்பூரில் ஆர்டர்கள் நின்றுபோனபோது, முறையிட்டு இறுதித் தீர்ப்பு வாங்க அந்த மேல்கோர்ட்டு இயங்கவில்லை. ஏறத்தாழ இருபத்தைந்து வருட இடைவெளியில் நடந்த இரண்டு சம்பவங்களுக்கும் நடுவில் ஓடும் இழையைப் பிடித்துக் காட்டுவதுதான் இந்தப் படிப்பின் வேலை. மனப்பாடத்தால் ஆகாது. ஒரு தீர்ப்பை எடுத்து வரி வரியாகப் பிரிக்கத் தெரிய வேண்டும்.

அந்த மேல்முறையீட்டு மன்றத்தில் மொத்தமே ஏழு இருக்கைகள். 2000 முதல் 2008 வரை அதில் ஒன்றில் இருந்தவர் ஏ.வி.கணேசன். திருநெல்வேலியில் 1935-ல் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், ஐ.ஏ.எஸ். அதிகாரி, மத்திய அரசின் வர்த்தகத் துறைச் செயலாளராக இருந்தவர். உலக வர்த்தக அமைப்பையே உருவாக்கிய உருகுவே சுற்றுப் பேச்சுவார்த்தையில் இந்தியாவுக்காகப் பேசியவர்களில் முக்கியமானவர். சங்கரன்கோவில் அப்போது திருநெல்வேலி மாவட்டம்தான். தென்காசி தனி மாவட்டமானது 2019-ல். நம் ஜில்லாக்காரர் ஒருவர் உலக வணிகத்தின் உச்ச மன்றத்தில் எட்டு ஆண்டுகள் தீர்ப்பு எழுதினார் என்பது எத்தனை பள்ளிக்கூடங்களில் சொல்லப்படுகிறது?

மடியில் முறம்

தென்காசி மாவட்டத்தில் பீடி சுற்றும் பெண்களைப் பார்க்காமல் ஒரு தெருவைக் கடப்பது கஷ்டம். முந்தின நாள் நனைத்து வைத்த இலையைத் தகடு வைத்து அளவாக வெட்டிக்கொள்வார்கள். மடியில் முறம், முறத்தில் தூள். ஒரு கை இலையை எடுக்கும்போதே மற்றக் கை தூளைக் கிள்ளியிருக்கும். சுருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி இழுத்தால் ஒரு பீடி. பேச்சும் சிரிப்பும் நடக்கும், கை நிற்காது. கூலி ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது சரியில்லை என்று கழிக்கப்பட்டால் அதற்குக் கூலி இல்லை.

இந்த முறத்தைச் சுற்றி இரண்டு சர்வதேச உடன்படிக்கைகள் இருக்கின்றன. ஒன்று உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை. அந்த நிறுவனம் பேச்சுவார்த்தை நடத்தி உருவாக்கிய முதல் உலக ஒப்பந்தம் அதுதான். 2003 மே மாதம் ஏற்கப்பட்டது, 2004 பிப்ரவரியில் இந்தியா உறுதிசெய்தது, 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. புகையிலைப் பாக்கெட்டில் பயமுறுத்தும் படம் இருப்பதற்கு அடிப்படை இதுதான். இதன் 17-வது பிரிவைப் பலரும் படிப்பதில்லை. புகையிலைத் தொழிலில் இருக்கும் தொழிலாளர்களுக்கும் விவசாயிகளுக்கும் வருமானம் தரக்கூடிய மாற்று வழிகளை அரசுகள் ஊக்குவிக்க வேண்டும் என்கிறது அது. 18-வது பிரிவு, புகையிலைச் சாகுபடியிலும் உற்பத்தியிலும் சுற்றுச்சூழலையும் மனிதர்களின் உடல்நலத்தையும் காப்பதைப் பற்றியது. படம் போடும் விதி நடைமுறைக்கு வந்துவிட்டது, மாற்றுத் தொழில் விதி மட்டும் ஏன் காகிதத்திலேயே நிற்கிறது? மத்திய தொழிலாளர் துறைக் கணக்குப்படி நாடு முழுவதும் ஏறத்தாழ 50 லட்சம் பேர் பீடித் தொழிலில் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளின் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் உதவிய நலநிதிக்கு, பீடி மீதான தனித் தீர்வையிலிருந்து பணம் வந்துகொண்டிருந்தது. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தீர்வை போய்விட்டது.

இன்னொன்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 177-வது உடன்படிக்கை. 1996-ல் நிறைவேறியது. வீட்டில் இருந்து கூலிக்கு வேலை செய்பவரும் தொழிலாளியே, ஆலைத் தொழிலாளிக்கு இருக்கும் உரிமைகள் அவருக்கும் வேண்டும் என்பது இதன் சாரம். இது வருவதற்கு உலக அளவில் பாடுபட்டவர்களில் முன்வரிசையில் நின்றது குஜராத்தின் சேவா அமைப்பும் அதை நிறுவிய இலா பட்டும். வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெண்களின் கணக்கை எடுத்துக்கொண்டு ஜெனீவாவுக்குப் போய், இவர்களும் தொழிலாளிகள் என்று அரசுகளையும் முதலாளிகளையும் தொழிற்சங்கங்களையும் ஒப்புக்கொள்ள வைத்தார்கள். ஆனால் இந்தியா இன்றுவரை அதை உறுதிசெய்யவில்லை. உறுதிசெய்த நாடுகளே மிகக் கொஞ்சம்.

பீடி சுற்றும் தாயின் மகள் ஒருத்தி இந்த இரண்டு உடன்படிக்கைகளையும் பக்கத்தில் வைத்து ஆய்வேடு எழுதினால் எப்படி இருக்கும்? ஒரு நிறுவனம் தொழிலையே சுருக்கச் சொல்கிறது, இன்னொரு நிறுவனம் அந்தத் தொழிலாளிக்கு உரிமை கொடுக்கச் சொல்கிறது. இரண்டும் ஜெனீவா என்ற ஒரே நகரத்தில் இருக்கின்றன. உலக ஆளுகை பற்றிய பாடப்புத்தகங்கள் இதை ‘ஒருங்கிணைப்புச் சிக்கல்’ என்று இரண்டு பாராவில் முடித்துவிடும். அந்த மகளுக்கு அது அம்மாவின் முதுகுவலியும் வீட்டுச் செலவும். அவள் எழுதும் ஆய்வேட்டுக்கு இருக்கும் பலம் வேறு யார் எழுதினாலும் வராது என்று உறுதியாக நம்புகிறேன்.

சென்னை ஒரு காலத்தில்

இந்தத் துறை நமக்குப் புதிதல்ல. 1918-ல் பி அண்ட் சி ஆலைத் தொழிலாளர்களை வைத்துச் சென்னைத் தொழிற்சங்கம் தொடங்கியபோது அதன் தலைவராக இருந்த பி.பி.வாடியா, அடுத்த ஆண்டு வாஷிங்டனில் நடந்த சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாட்டுக்கு இந்தியத் தொழிலாளர் தரப்பின் ஆலோசகராகப் போனார். அந்த மாநாட்டில் உருவான முதல் உடன்படிக்கை உலகத்துக்கு வாரம் 48 மணி நேர வேலை என்றது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் தனிப் பிரிவு போட்டு 60 மணி நேரம் என்று எழுதினார்கள். அந்தப் பிரிவைப் படிக்கும்போது இன்றைக்கும் மனம் கசக்கிறது.

1945 ஜூன் 26-ம் தேதி சான்பிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் ஆற்காடு ராமசாமி முதலியார். நீதிக்கட்சிக்காரர். அடுத்த ஆண்டு, பொருளாதார சமூக கவுன்சிலின் முதல் தலைவர் ஆனார். மேலே சொன்ன 71-வது பிரிவுப்படி தொண்டு நிறுவனங்களுக்குத் தகுதி கொடுக்கும் அதே கவுன்சில். உலக சுகாதார நிறுவனத்தை உருவாக்கிய 1946-ம் ஆண்டு மாநாட்டைக் கூட்டத் தீர்மானித்ததும் அந்தக் கவுன்சில்தான். அவருடைய இரட்டைச் சகோதரர் லட்சுமணசாமி முதலியார் பிற்பாடு உலக சுகாதார நிறுவனத்தின் நிர்வாகக் குழுவுக்கும், 1961-ல் உலக சுகாதார மாமன்றத்துக்கும் தலைவராக இருந்தார். ஸ்ரீரங்கத்தில் பிறந்த சி.வி.நரசிம்மன், ஊ தாண்ட் பொதுச்செயலாளராக இருந்த ஆண்டுகளில் அவருடைய அலுவலகத்தை நடத்தியவர், 1966-ல் எம்.எஸ்.சுப்புலட்சுமி ஐ.நா. மன்றத்தில் பாடியதற்குப் பின்னால் இருந்தவரும் அவரே.

லட்சுமணசாமி முதலியார் துணைவேந்தராக இருந்த காலத்தில், 1951-ல், சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார் போலந்து வம்சாவளி அறிஞர் சி.எச்.அலெக்ஸாண்ட்ரோவிச். சர்வதேசச் சட்டத்துக்கென்று துறை நடத்தினார். 1952-ல் சர்வதேச விவகாரங்களுக்கான ஆண்டு மலரைச் சென்னையிலிருந்தே வெளிக்கொண்டுவந்தார். உலகப் பொருளாதார அமைப்புகளின் சட்டம் பற்றி அவர் எழுதிய நூல் 1962-ல் வந்தது. சர்வதேசச் சட்டம் ஐரோப்பாவின் தனிச்சொத்து என்ற நினைப்பை உடைத்து, ஐரோப்பியர் வருவதற்கு முன்பே ஆசிய அரசுகளிடையே வணிகத்துக்கும் தூதுக்கும் கடலோட்டத்துக்கும் முறைமைகள் இருந்தன என்று அவர் காட்டியதை இன்று உலகப் பல்கலைக்கழகங்கள் மறுபடியும் எடுத்துப் படிக்கின்றன. அவர் அதை எழுதத் தூண்டிய இடம் மெரினா கடற்கரை எதிரில் இருந்த ஒரு துறை.

டெல்லியில் 1955-ல் இந்திய சர்வதேச ஆய்வுப் பள்ளி தொடங்கியபோது அதன் முதல் இயக்குநர் அ.அப்பாதுரை. தென்னிந்தியப் பொருளாதார வரலாறு குறித்து அவர் செய்த ஆய்வை 1936-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டிருந்தது. அந்தப் பள்ளிதான் 1970-ல் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. அங்கே சர்வதேச அரசியல், அமைப்புகள், ஆயுதக் குறைப்பு ஆகியவற்றுக்கென்றே ஒரு மையம் இயங்குகிறது. இந்தியாவில் இந்தப் படிப்பின் தலைவாசல் அது.

வாடியா காலத்தில் தொழிற்சங்கம், முதலியார் காலத்தில் அரசியல், நரசிம்மனுக்கும் கணேசனுக்கும் ஆட்சிப்பணி. அந்த வழிகளில் போய்த்தான் அவர்கள் அந்த மன்றங்களை அடைந்தார்கள். இப்போது ஐ.நா. அமைப்புகளில் நிபுணர் பணிக்கு முதுகலைப் பட்டத்தைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். வழி மாறிவிட்டது. நம் பக்கம் அதைக் கவனிக்கவில்லை.

எங்கே படிப்பது?

வழிகாட்டி நூல் எழுதுவது என் நோக்கமில்லை. ஆனாலும் ஒரு மாணவி கேட்டால் சொல்வதற்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் சட்டப் பட்டம் முடித்தவர், சென்னையில் டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் ‘சர்வதேசச் சட்டமும் அமைப்பும்’ என்ற பிரிவில் எல்.எல்.எம். படிக்கலாம். நெல்லைப் பிள்ளைகளுக்கு இதைவிட நேரான பாதை எனக்குத் தெரிந்து இல்லை. ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் சர்வதேச ஆய்வுகளில் எம்.ஏ. இருக்கிறது. புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தில் அரசியலும் சர்வதேச ஆய்வுகளும் துறை இருக்கிறது. அங்கே போனால் பிரெஞ்சு கற்றுக்கொள்ளவும் வசதி. ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் தெரிந்தவருக்கு ஜெனீவாவில் கதவு சீக்கிரம் திறக்கும். டெல்லியில் ஜே.என்.யூ.வும், சார்க் நாடுகள் சேர்ந்து தொடங்கிய தெற்காசியப் பல்கலைக்கழகமும் உண்டு. ஜெனீவாவிலேயே 1927-ல் தொடங்கிய பட்டமேற்படிப்பு நிறுவனம் இருக்கிறது. சர்வதேச உறவுகளுக்கென்றே உலகில் முதலில் எழுந்த நிறுவனங்களில் ஒன்று. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோபி அன்னான் அங்கே படித்தவர்.

வேலை ஐ.நா.வில் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். வர்த்தக அமைச்சகத்துக்கு ஆலோசனை சொல்லும் உலக வர்த்தக அமைப்பு (டபிள்யூ.டி.ஓ.) ஆய்வு மையம் டெல்லியில் 1999 முதல் இருக்கிறது. ஏற்றுமதிக் கழகங்களுக்கும் வணிகச் சட்ட நிறுவனங்களுக்கும் தொழிற்சங்கக் கூட்டமைப்புகளுக்கும் இது தெரிந்த ஆள் வேண்டும். பெட்ஷீட் வழக்கு மாதிரி ஒன்று நாளை நம் துணிக்கு வந்தால், எந்த நூலுக்கு எந்த விலை என்று தறிக்கூடத்தில் உட்கார்ந்து கணக்குக் கேட்டு, அதையே ஜெனீவா பாஷையில் எழுதத் தெரிந்தவர் வேண்டாமா?

தடைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுகலை நுழைவுத் தேர்வை, மொழிப்பாடம் போன்ற சில தாள்கள் தவிர, ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் எழுத முடியும். தமிழ்வழியில் பி.ஏ. வரலாறோ அரசியல் அறிவியலோ முதல் மதிப்பெண்ணில் முடித்த சங்கரன்கோவில் மாணவர், அதே பாடத்தை இந்தியில் படித்த மாணவரோடு போட்டியிடும்போது தாய்மொழியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார வேண்டியிருக்கிறது. இது அநியாயம். ஐ.நா.வின் இளம் நிபுணர் தேர்வை 32 வயதுக்குள் எழுத வேண்டும். அதையும் அந்தந்த ஆண்டு பட்டியலில் இருக்கும் நாட்டவர்தான் எழுதலாம்; பணியாளர் எண்ணிக்கையில் குறைந்திருக்கும் நாடுகளுக்கான தேர்வு அது. இளநிலை அதிகாரி பதவிகள் பலவற்றுக்குப் பணக்கார நாடுகள் தங்கள் காசைக் கொடுத்துத் தங்கள் பிள்ளைகளை அனுப்புகின்றன. எல்லாவற்றையும்விடக் கொடுமை, ஐ.நா. தலைமைச் செயலகத்தில் இரண்டு முதல் ஆறு மாதம் வரை பயிற்சியில் இருப்பவருக்குச் சம்பளம் கிடையாது. நியூயார்க்கிலோ ஜெனீவாவிலோ சொந்தச் செலவில் தங்க வேண்டும். 2015-ல் ஜெனீவாவில் ஒரு இளைஞர் கூடாரத்தில் தங்கி ஐ.நா. பயிற்சிக்குப் போன செய்தி உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. உலக சுகாதார நிறுவனமும் தொழிலாளர் அமைப்பும் உதவித்தொகை தருகின்றன. முதலில் விண்ணப்பிக்க வேண்டியது அங்கேதான்.

டர்பனில் ஊர் சேர்ந்து படிக்க வைத்த பெண்

நவநீதம் பிள்ளையின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 1941-ல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா பஸ் ஓட்டுநர். நிறவெறி ஆட்சி. பெண்ணுக்குச் சட்டப் படிப்பு ஆசை, வீட்டில் பணமில்லை. அந்தப் பகுதி இந்தியச் சமூகம் நன்கொடை திரட்டி நேட்டால் பல்கலைக்கழகத்தில் படிக்க வைத்தது. 1967-ல் நேட்டாலில் சொந்தமாக வழக்கறிஞர் அலுவலகம் திறந்த முதல் வெள்ளையரல்லாத பெண் ஆனார். பிறகு ஹார்வர்டு, 1988-ல் சட்டத்தில் டாக்டர் பட்டம். ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயத்தில் நீதிபதியாக இருந்தபோது, பாலியல் வன்முறையும் இனப்படுகொலைக் குற்றமாகலாம் என்று 1998-ல் வந்த வரலாற்றுத் தீர்ப்பை எழுதிய அமர்வில் அவரும் ஒருவர். 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமைகள் ஆணையர். நம் மாணவர்கள் தெருவில் நின்ற அந்த 2013-லும் அடுத்த ஆண்டிலும் ஜெனீவாவில் இலங்கை பற்றிய அறிக்கைகளைக் கவுன்சில் முன்னால் வைத்தது அவருடைய அலுவலகம்தான்.

ஓர் ஊர் சேர்ந்து ஒரு பெண்ணைப் படிக்க வைத்ததன் பலன் ருவாண்டாவின் பெண்கள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. சங்கரன்கோவிலில் வியாபாரிகள் சங்கம் இருக்கிறது, தறி உரிமையாளர் சங்கங்கள் இருக்கின்றன, கட்டளைதாரர்கள் இருக்கிறார்கள், வெளிநாட்டில் சம்பாதிக்கும் ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள். இன்ஜினீயரிங்குக்கும் மருத்துவத்துக்கும் உதவுபவர்கள் இதற்கும் ஓர் இடம் ஒதுக்க வேண்டும் என்று கேட்பது அதிகமில்லை.

அரசிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. அபிஷேகப்பட்டி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் சர்வதேச அமைப்புகளுக்கென்று முதுகலைத் துறை வேண்டும். தறியும் பீடியும் தூத்துக்குடித் துறைமுகமும் மீன்பிடிக் கரையும் அருகிலேயே இருக்கும்போது ஆய்வுக்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. மத்திய முதுகலை நுழைவுத் தேர்வைத் தமிழில் எழுதும் உரிமையைச் சட்டமன்றமும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் விடாமல் கேட்க வேண்டும். ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை தரும் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. நல்ல திட்டம். அதைப் பற்றிக் கல்லூரி இறுதியாண்டு வகுப்பறையில் யாராவது வந்து பேச வேண்டும். அதோடு, சம்பளமில்லாத ஐ.நா. பயிற்சிக்குப் போகும் தமிழ்நாட்டு மாணவர்களின் விமான டிக்கெட்டுக்கும் தங்கும் செலவுக்கும் மாநில அரசே ஒரு நிதி ஒதுக்கலாம். ஆண்டுக்கு இருபது பேர் என்று வைத்தாலும் ஓர் அரசுக்கு அது பெரிய தொகை ஆகாது. பணக்கார நாடுகள் தங்கள் பிள்ளைகளுக்குச் செய்வது அதுதான்.